வெங்காயத் தோல்

பொம்மை கை கழுவிக்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னல், சிவப்பு ஸ்வெட்டர், குச்சிக் கால். எட்டு வயதுக் குழந்தை விரலால் கோணலும் மாணலுமாக வரைந்த சின்னப் பெண் பொம்மை. வாஷ்பேசின் முன்னால் நின்று கையைத் தேய்த்தது, குழாயை மூடியது, திரும்பி நடந்து திரையின் ஓரத்தில் மறைந்தது. கை மட்டும் போகவில்லை. ஐந்து விரலையும் விரித்தபடி, தண்ணீரில் ஊறிய காகிதத்தின் நிறத்தில், அது வாஷ்பேசினுக்குள்ளேயே கிடந்தது.

உஷாராணி துப்பட்டா நுனியால் டேப்லெட்டின் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பொம்மை வந்தது, தேய்த்தது, மூடியது, போனது. கை கிடந்தது.

"அகல்யா, இங்கிட்டு வா. பொம்மை போனதுக்கப்பறமும் கை எதுக்குடி அங்கனயே கெடக்கு?"

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. "அது ஆனியன் ஸ்கின், அம்மா."

"என்னது?"

"வெங்காயத் தோல்." தமிழில் சொன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிடும் என்பது போல அகல்யா பொறுமையாகச் சொன்னாள். "பழைய பேஜ் கீழ லைட்டா தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து புதுசு வரையணும். தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சமா மாத்தி. அப்பதான் பொம்மை நடக்கும். மேம் சொல்லிக் குடுத்தாங்க."

"ஓடுறப்பவும் தெரியணுமா?"

"தெரியக் கூடாது. மத்தவங்களோடதுல தெரியல. என்னோடதுல மட்டும் அப்னே ஆப், தானாவே வருது."

அந்த வாரம் தில்லியில் பகல் என்று ஒன்று வரவேயில்லை. மோதி பாக் குடியிருப்பில் எதிர்ப் பிளாக்கே கண்ணுக்குத் தெரியாதபடி, பழுப்பும் மஞ்சளுமாகப் புகை ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். லோதி ரோட்டில் இருந்த உஷாராணியின் அலுவலகத்திலும் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கணவன் ராஜவேல் துணை ராணுவத்தில், திரிபுரா எல்லையில் இருந்தான். சிக்னல் கிடைக்கிற நேரத்தில் கூப்பிடுவான். அம்மாவும் மகளும் மட்டும் கதவு இடுக்குகளில் பழைய துணியைத் திணித்துக்கொண்டு, பகலிலும் டியூப் லைட் எரிய, இரண்டு அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். வகுப்பு டேபில் நடந்தது. 'என்னுடைய ஒரு நாள்' என்று எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் செய்வதையெல்லாம் பக்கம் பக்கமாக வரைந்து, ஃப்ளிப் புக் ஆப்பில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் டீச்சர். பொம்மை அகல்யாதான்.

உஷாராணிக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். பால் மேல் படியும் ஆடையை அவளால் பார்க்க முடியாது. சோப்பில் ஒட்டிய முடி, அடுத்தவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியின் சூடு, யாராவது காதில் விட்டு எடுத்த விரல், எதைக் கண்டாலும் அடிவயிறு சுருட்டிக்கொண்டு மேலே ஏறும். மேலூரில் அவள் அம்மா கேலி செய்வாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்றும் அது போகவில்லை. 'சீ' என்ற சொல் அவள் நாக்கு நுனியிலேயே இருக்கும். அகல்யா மூக்கில் விரல் வைத்தால் சீ. நகம் கடித்தால் சீ. உதட்டை நக்கினால், தட்டில் ஒட்டியதை வழித்தால், தும்மிவிட்டு ஸ்வெட்டர் கையில் துடைத்தால் சீ, சீ, சீ. புகைமூட்டத்தில் ஒரே கூரைக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில் அந்தச் சொல் வீட்டுக்குள் குழாய்ச் சொட்டு மாதிரி விழுந்துகொண்டே இருந்தது.

வாடை அன்று சாயங்காலம்தான் முதலில் வந்தது. புகையின் வாடை வேறு. ரப்பரும் சருகும் எரிந்த அந்த வாடை தொண்டையில் குடியிருந்து பழகிவிட்டது. இது ஈரமாக இருந்தது. இனிப்பாகத் தொடங்கிப் புளிப்பாக முடிந்தது. கழுவாமல் மூடி வைத்த பால் புட்டியை மறந்துபோய் ஒருநாள் திறந்தால் வருமே, அப்படி. உஷாராணி சமையலறை, பால்கனிக் கதவு, செருப்பு அலமாரி என்று மோப்பம் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் வாஷ்பேசின் முன்னால் நின்றாள்.

தண்ணீர் போகும் ஓட்டையின் மேல், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு கையுறை கிடந்தது.

கையுறை என்றுதான் நினைத்தாள். சின்னக் கைக்கு அளவானது. ஆனால் துணி இல்லை, ரப்பரும் இல்லை. அதன் வழியாகப் பீங்கானின் வெள்ளை தெரிந்தது. மேலே சொட்டு விழும்போதெல்லாம் அது மெல்ல உப்பி, பெருமூச்சு விட்டது போல அமுங்கியது. அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ளங்கையில் பசையைத் தடவிக் காயவைத்து, தோல் மாதிரி உரித்து எடுத்து ஒருவரையொருவர் பயமுறுத்துவார்கள். அவளுக்கு நெஞ்சு லேசானது. பழைய பல்துலக்கியின் வால்பக்கத்தை விட்டு அதைத் தூக்கினாள். வழவழவென்று நீண்டு தொங்கியது. விரல் நுனிகளில் ரேகை இருந்தது. சரி, பசையில் ரேகை பதியும். ஆனால் ஒவ்வொரு விரலிலும் நகம் இருந்தது. சுண்டுவிரல் நகத்தின் ஓரம் பல்லால் கடித்துப் பிசிறடித்திருந்தது.

செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்தாள். கட்டைவிரலில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்து, தோல் சிவந்த பிறகுதான் போனது.

"பசையை எடுத்தியா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. கையக் காட்டு."

அகல்யா கையை நீட்டினாள். சுத்தமான கை. அச்சிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல இளஞ்சிவப்பாக, பளபளவென்று, சில்லென்று இருந்தது. நகங்கள் ஒழுங்காக, வட்டமாக, ஒன்றிலும் கடித்த தடம் இல்லாமல் இருந்தன.

"நகம் கடிக்கிறத விட்டுட்டியா?"

"அந்தப் பேஜை எடுத்துட்டேன்" என்றாள் அகல்யா, சாதாரணமாக.

உஷாராணிக்கு அது புரியவில்லை. ஹோம்வொர்க்கைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை குப்பை வண்டிக்காரர் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனபோது, எதிலிருந்தோ தப்பித்துவிட்டது போல இருந்தது அவளுக்கு.

அதற்கப்புறம்தான் அகல்யா தாவத் தொடங்கினாள்.

தாவினாள் என்பதைத் தவிர உஷாராணிக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. தலை பின்னிவிட உட்கார்த்தியிருந்தாள். அகல்யாவின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. பிறகு கதவுப் பக்கம் இருந்தது. திரும்பவில்லை. கையில் பிடித்திருந்த பின்னல் இழுபடவில்லை, கழுத்து அசையவில்லை. அங்கே இருந்த முகம் இங்கே இருந்தது, அவ்வளவுதான். புகையில் கண் எரிச்சல், தூக்கம் வேறு சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மத்தியானம் அலுவலக ஃபைல் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தபோது அகல்யா மேஜையருகில் நின்றாள். உஷாராணி இமை கொட்டினாள். அகல்யா ஃப்ரிட்ஜ் அருகில் நின்றாள். நடுவில் இருக்க வேண்டிய நடை இல்லை. செருப்புச் சத்தம் கூட இல்லை. நடக்கிற சத்தத்தை யாரோ கத்திரியால் வெட்டி எடுத்துவிட்டது போல.

"மெதுவா நடடி" என்று மட்டும் சொன்னாள்.

வாடை மட்டும் நிற்கவில்லை. ஒரு தடவை சோபா மெத்தையின் இடுக்கில் வந்தது. இன்னொரு தடவை ஸ்கூல் பைக்குள். தேடிப் போனால் ஏதாவது கிடந்தது. ஒரு முழங்காலின் வளைவு, வறண்ட சுருக்கத்தோடு. உள்ளே விரல் புகுந்தபடியே உரிந்திருந்த ஒரு மூக்கு. எல்லாம் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசு, எல்லாம் ஈரம். உஷாராணி இடுக்கியால் எடுத்தாள். இடுக்கியையும் சேர்த்துக் குப்பையில் போட்டாள். குப்பைப் பையின் வாயை இறுக்கி முடிந்து, அதற்கு மேல் இன்னொரு பை போட்டாள். புகை முற்றியதிலிருந்து குப்பை வண்டி வரவேயில்லை. சோறு இறங்கவில்லை. வடித்த கஞ்சி ஆறி, மேலே ஏடு படிந்திருப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குமட்டினாள்.

ஒருநாள் தேங்காய்ப்பூத் துண்டை மடிப்பதற்காக எடுத்தாள். துண்டின் மடிப்புக்குள் ஏதோ சதசதவென்று இருந்தது. பிரித்தாள். ஒரு கன்னம். காதின் சுழி. மூடிய கண்ணின் மேல் வரிசையாக இமைமுடி. முகம் துடைத்துவிட்டுத் துண்டை விட்டெறிந்த வேகத்தில் முகத்தின் பாதி அதோடு போய்விட்டது போல, துணியின் பூ முடிச்சுகள் ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டு, அது அவளைப் பார்க்காமல் பார்த்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் அகல்யா வந்துவிடுவாள். அதை உரித்தெடுத்துக் குப்பைப் பைக்குள் திணித்தாள்.

அன்று ராஜவேல் கூப்பிட்டான். பின்னால் காற்று இரைந்தது.

"புள்ளைக்குத் தோலு உரியுதுங்க" என்றாள்.

"குளிர் ஆரம்பிச்சிருச்சுல்ல. எண்ணெயத் தடவு."

"அப்படி இல்லங்க. முழுசா... முழுசா உரியுது. முகம் மாதிரி."

"உஷா, நீ சாப்ட்டியா? தூங்குறியா? புள்ளயக் குடு."

அகல்யா ஃபோனை வாங்கிக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினாள். அப்பாவிடம் பொம்மையைப் பற்றிச் சொன்னாள். உஷாராணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மூடியிருந்தது, திறந்திருந்தது, மூடியிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. சொற்கள் மட்டும் ஒழுங்காக வந்தன.

டிஸ்பென்சரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். பட்டப்பகலில் ஆட்டோக்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. டாக்டரம்மா அகல்யாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சர்தி ஹை, மேடம். நாரியல் தேல் லகாயியே" என்று, எல்லாம் குளிர்தான், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்றார். எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினார். ஆனால் அவர்கள் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றித் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு மோந்து பார்த்தார். மறுபடி துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் உஷாராணி மகளைக் கட்டிலில் உட்கார்த்தி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஃப்ளிப் புக்க காட்டு."

அகல்யா டேபைத் திறந்தாள். கோபமோ பயமோ இல்லை; நல்ல மார்க் வாங்கிய பேப்பரைக் காட்டுவது போலக் காட்டினாள். பொம்மை எழுந்தது, பல் தேய்த்தது, சாப்பிட்டது, படித்தது. ஆனால் தாவித் தாவி. கட்டிலில் இருந்தது, கதவில் இருந்தது, நாற்காலியில் இருந்தது. பொம்மை போன இடங்களிலெல்லாம் வெளிறிய மிச்சங்கள் கிடந்தன. வாஷ்பேசினில் கை. சோபாவில் முழங்கால். கம்பியில் தொங்கிய துண்டில் பாதி முகம். ஓரத்தில் ஒரு பெரிய பொம்மையும் நின்றது. சேலை கிடையாது, சுடிதார். தூக்கிக் கட்டிய கொண்டை. முகத்தில் கண் இல்லை. வாய் மட்டும், கீழ்ப் பக்கமாக வளைந்த ஒரு கறுப்புக் கோடு.

"நடுவுல பேஜெல்லாம் எங்கடி?"

"எடுத்துட்டேன். நீ சீன்னு சொன்னதெல்லாம்." அகல்யா விரல்விட்டுச் சொன்னாள். "மூக்குல கை வச்ச பேஜ். நகம் கடிச்ச பேஜ். துண்டுல மூக்கைத் தொடைச்ச பேஜ். ஒவ்வொண்ணா டெலீட் பண்ணிட்டேன். இப்ப நான் ஏக்தம் க்ளீன், முழுசா க்ளீன். இல்லம்மா?"

உஷாராணியின் கண்ணில் நீர் முட்டியது. அதை என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, அகல்யா தாவி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தைக் கன்னத்தோடு வைத்து அழுத்தினாள். சில்லென்ற கன்னம். எடை இல்லாத கை. கழுத்துக்கும் சுடிதார் ஓரத்துக்கும் இடையில் ஏதோ வழுக்கி, இழைந்து, விட்டுப்போனது. ஈரமாக. பால் புளித்த வாடையோடு. அவள் தோளில் ஒரு சின்னக் கை மடங்கித் தொங்கிக்கொண்டு நின்றது; அகல்யாவோ அதற்குள் விலகி உட்கார்ந்திருந்தாள்.

"சீ!" என்று உஷாராணி அலறினாள். "சீ! தள்ளிப் போ!"

நெஞ்சில் கை வைத்துத் தள்ளியேவிட்டாள். காகிதத்தைத் தள்ளியது போல இருந்தது.

அகல்யா அழவில்லை. "நான் குளிச்சிட்டு வரேன்" என்றாள். கட்டிலில் இருந்தாள், குளியலறைக் கதவு மூடியிருந்தது. கீசரின் விளக்கு சிவப்பாக எரிந்தது. உள்ளே தண்ணீர் விழுந்தது.

உஷாராணி தோளில் கிடந்ததைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து விழ வைத்தாள். டேபை எடுத்தாள். இந்தச் சனியன்தான். இது வந்த பிறகுதான். பொம்மை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது கட்டிலில் உட்கார்ந்து பெரிய பொம்மையைக் கட்டிக்கொள்ளப் போனது, போனது, மறுபடி மறுபடி போனது. அவள் ஆப்பிலிருந்து அதை நீக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். எல்லாப் பக்கங்களையும் அழிக்கவா என்று கேட்டது. அழி என்று அழுத்தினாள். பக்கங்கள் சீட்டுக்கட்டு போலச் சரிந்து மறைந்தன. வெள்ளைத் திரை. சுத்தமான, பளிச்சென்ற வெள்ளை.

அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

அப்புறம் ஒரு சத்தம். ஈரத்துணியைத் தரையில் அறைந்தது போல. மறுபடியும். அப்புறம் தொடர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, கனமில்லாமல், சொத்சொத்தென்று. ஏதோ உரிந்துகொண்டே இருக்கிறது. முடியவேயில்லை. வாடை கதவின் அடியிலிருந்து வெந்நீர் ஆவியோடு கிளம்பி வந்து அவள் வாய்க்குள் புகுந்தது. நாக்கில் அது ருசியாகவே தெரிந்தது.

"அகல்யா?"

கதவைத் தட்டினாள்.

"ஆத்தா, கதவத் தொற."

தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளியதும் திறந்துகொண்டது.

ஆவி கலைய நேரம் பிடித்தது. முதலில் சுவர் ஓடுகள் தெரிந்தன. ஓடுகளுக்கு நடுவிலுள்ள கறுப்புக் கோடுகள். பிறகு அந்தக் கோடுகளின் மேலேயே, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் வரைந்தது போல ஒரு வடிவம். இரட்டைப் பின்னல். தோள். நீட்டிய கை. உள்ளே எலும்பு இல்லை. ரத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. பின்னாலிருந்த வாளியின் நீலம் அவள் வயிற்றின் வழியாகத் தெரிந்தது.

"இப்ப க்ளீனாம்மா?" என்றது அது. குரல் எங்கோ அடுத்த வீட்டிலிருந்து வந்தது.

தரை முழுவதும் தோல். குவியல் குவியலாக. நடக்கிற கால்கள், மடங்கிய கைகள், கொட்டாவி விட்ட வாய், தூங்குகிற முகம், சிரிக்கிற முகம், அழப்போகிற முகம். ஒவ்வொன்றும் முன்னதைவிடத் துளி வேறாக. தண்ணீர் போகும் ஓட்டையைச் சில அடைத்திருந்தன. தேங்கிய நீரில் மற்றவை மெதுவாக, ஒன்றையொன்று ஒட்டியும் விலகியும் அசைந்தன.

உஷாராணி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஓடிவிடத்தான் உடம்பு திரும்பியது. அப்போதுதான் நீரில் மிதந்து வந்த ஒரு பாதத்தின் தோல் அந்த வடிவத்தின் பாதத்தின் மேல் படிந்தது. படிந்த இடம் கொஞ்சம் அடர்ந்தது. அந்த ஒரு பாதத்தின் வழியாக மட்டும் ஓட்டின் கோடு மங்கலாகத் தெரிந்தது.

அவள் அதைப் பார்த்தாள். வடிவம் இன்னும் வெளிறிக்கொண்டே போவதையும் பார்த்தாள். தோளின் கோடு அறுந்துவிட்டிருந்தது.

குனிந்தாள். இடுக்கி இல்லை. துணி இல்லை. வெறும் கையால் ஒரு தோலைத் தூக்கினாள்.

வெதுவெதுவென்று இருந்தது. ஆறிக்கொண்டிருக்கும் பாலின் ஆடை அதே சூட்டில்தான் இருக்கும். விரலிடுக்குகளில் வழிந்து, மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, விடாமல் ஒட்டியது. கண்ணை மூடிக்கொண்டு அதை மகளின் மேல் வைத்து நீவினாள். நீவ நீவக் குமிழ்கள் உடைந்தன. அடுத்தது. முதுகு; தடுப்பூசி போட்ட வடு உள்ள தோள். அடுத்தது. தும்மலில் சுருங்கிய முகம். அதன் மேல்உதட்டில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. அடுத்தது. திரும்பி வாந்தி எடுத்தாள். தோளில் வாயைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தது.

தரையில் இருந்தவை போதவில்லை. முகத்தில் பாதி ஓட்டையாக இருந்தது. சமையலறைக்கு ஓடினாள். இரண்டு பைகளையும் பல்லால் கிழித்தாள். தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, அழுகிய கொத்தமல்லி. அடியில் சுருண்டு, பழுத்து, சக்கை அப்பிக் கிடந்தது கன்னம். ஊதி, விரலால் வழித்து, கழுவக்கூடத் தோன்றாமல் கொண்டுவந்து ஒட்டினாள். வாஷ்பேசினில் கிடந்த முதல் கை மட்டும் இல்லை. அது எந்தக் குப்பை மலையிலோ. பரவாயில்லை. கை நிறைய இருந்தது. எத்தனையோ கை.

எது முதல் பக்கம், எது அடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனாள். விரல்மேல் விரல் பொருந்தவில்லை. கண்மேல் கண் வரவில்லை. விலகிய இடத்திலேயே அழுத்தினாள். அழுத்திய இடத்தில் பிடித்துக்கொண்டது. கடைசித் தோலை, சுவரில் தேய்த்து விழ வைத்திருந்த அந்தச் சின்னக் கையைச் சுரண்டி எடுத்து வந்து வைத்து முடித்தபோது, வாளியின் நீலம் தெரியவில்லை. ஓட்டின் கோடுகள் தெரியவில்லை. உடம்பு இருந்தது. எடை இருந்தது. மார்பில் காது வைத்துப் பார்த்தாள். இதயம் அடித்தது. ஒன்று அடித்து முடிப்பதற்குள் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்த்தினாள். டியூப் லைட் வெளிச்சத்தில் அதுவரை பார்க்காமலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

கண்கள் நெற்றியிலிருந்து காது வரை சரிந்து வரிசையாக இருந்தன. முதல் கண் இமைத்தது. அடுத்தது இமைத்தது. அதற்கடுத்தது. காற்றில் பக்கங்கள் புரள்வது போல இமைப்பு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடி, மறுபடி தொடங்கியது. தோளிலிருந்து கைகள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன. ஒன்று கீழே, ஒன்று சற்று மேலே, ஒன்று இன்னும் மேலே, ஒன்று மூக்கில். எல்லாம் துளித்துளியாக அசைந்து அவளை நோக்கி வந்தன.

"அம்மா" என்றது ஒரு வாய்.

"அம்மா" என்றது அதன் பக்கத்திலிருந்தது.

"அம்மா."

"அம்மா."

"பசிக்குது" என்று கடைசியில் ஒன்று சொன்னது. அகல்யாவின் குரல். சந்தேகமேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சொல்வாளே, அதே குரல்.

உஷாராணிக்கு நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். அடுப்பிலிருந்து சோற்றை எடுத்து வந்தாள். தயிரை ஊற்றினாள். நகக்கண்களில் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. கழுவவில்லை, அதே கையால் பிசைந்தாள். ஒரு கவளத்தை உருட்டினாள்.

"ஆ காட்டு, தங்கம்" என்றாள்.

முதல் வாய் திறந்தது. அதை ஒட்டி இரண்டாவது திறந்தது. பிறகு மூன்றாவது, கன்னத்தில். பிறகு தாடையில், காதோரத்தில், கழுத்தில், நனைந்த உதடு ஒன்றையொன்று விட்டுப் பிரியும் சத்தத்தோடு ஒவ்வொன்றாக. கவளத்தை நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, பின்னலுக்குப் பின்னால், அவளால் பார்க்க முடியாத பக்கத்திலும் ஈரமாக ஏதேதோ திறந்துகொண்டே போவதை உஷாராணி கேட்டுக்கொண்டிருந்தாள்.